காண்டா வாளியை இறக்கி வைத்த பிறகு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானை (குடியிருப்பை) ஒட்டிய திடலில் புதன்கிழமை சாயங்காலம் சிலம்ப வகுப்பு நடக்கும். ஆறு மணிக்குத் தொடங்கினால் முடிய ஏழேகால் ஆகிவிடும். பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருக்க, பெற்றோர் சிலர் காரில் ஏர்கோனைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், சிலர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கைப்பேசியைப் பார்ப்பார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் யாரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "எங்கண்ணே நேரம்?"

அதைச் சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். இங்கே பாதிப் பேர் இருட்டோடு எழுந்து, சாப்பாடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்கோ அதற்கும் அப்பாலோ வேலைக்குப் போகிறவர்கள். பலருக்கு 12 மணி நேர ஷிப்ட். திரும்பி வந்தால் டியூஷன், சமையல், துணி, வீட்டுப்பாடம். தனக்கென்று முழுசாக ஒரு மணி நேரம் அந்த நாளில் கிடையாது. இருப்பதெல்லாம் துண்டு துண்டான நேரம்.

கிராஸ் டிரெய்னிங், அதாவது நடை, ஓட்டம், பளு, சைக்கிள், நீட்டி மடக்குவது என்று பல வகையைக் கலந்து செய்யும் பயிற்சி, நேரம் மிச்சம் இருப்பவர்களுக்கானது என்று நானும் நினைத்திருந்தேன். நேரம் இல்லாதவன் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் செய்தால் போதும் என்று எண்ணம். இப்போது எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. ஓட்டம் ஒன்றுதான் பயிற்சி என்று இருப்பவருக்கு ஓட நேரம் வேண்டும், வழி வேண்டும், வெளிச்சம் வேண்டும், மழை இல்லாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அன்றைய பயிற்சி போனதுதான். பல வகை கைவசம் இருந்தால் கிடைக்கிற எந்தத் துண்டு நேரத்திலும் பொருந்துகிற ஒன்று இருக்கும். நேரம் இல்லாத பெற்றோருக்குக் கலவைதான் சுலபம்.

இதை எனக்குப் புரியவைத்தது என் அம்மாவின் உடம்பு. அம்மா லிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் 17 வருடம் பால்மரம் வெட்டியவர். ரப்பர் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1877-ல் நட்ட முதல் மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. விடியுமுன் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால் பொழுது விடிவதற்குள் தன் பங்கு மரவரிசையான நிரைக்குப் போய்விட வேண்டும். ஒருவர் பங்குக்கு ஏறக்குறைய 500 மரம் இருக்கும். மரத்துக்கு மரம் நடை. தாழ்ந்த வெட்டுக்குக் குனிய வேண்டும், குந்த வேண்டும். உயர்ந்த வெட்டுக்குக் கையை மேலே நீட்ட வேண்டும். பட்டையைச் சீவும்போது மணிக்கட்டு நிதானமாக இருக்க வேண்டும், கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, தோளில் வைக்கும் காண்டா கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் தளும்பாமல் சுமந்து வர வேண்டும்.

இன்றைய பயிற்சியாளர் எவரிடமாவது இதைக் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார். நீண்ட நேர மிதமான நடை இதயத்துக்கு. குந்துவதும் எழுவதும் தொடைக்கும் இடுப்புக்கும். வாளி சுமப்பது முதுகுக்கும் கைப்பிடியின் வலுவுக்கும். மேட்டில் தளும்பாமல் நடப்பது சமநிலைக்கு. ஜிம்முக்குப் போகாமலே ஒரு முழுக் கலவை.

தோட்ட வாழ்க்கை ஆரோக்கியமான வாழ்க்கை என்று சொல்ல வரவில்லை. கூலி குறைவு, ஓய்வு குறைவு, சத்தான சாப்பாடும் குறைவு. மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. அந்தப் பெண்கள் தூக்கிச் சுமந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல்தான் இந்த நாட்டில் தடையானது. அம்மாவின் தோளில் காண்டா கம்பு பதிந்த இடம் இன்னும் தடித்திருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் காலியாகித் தாமானுக்கு வந்தோம். வேலையின் கொடுமையோடு சேர்த்து அந்த அசைவுகளையும் மொத்தமாக இறக்கி வைத்துவிட்டோம். சாப்பாட்டின் அளவை மட்டும் இறக்கவில்லை. தாமானுக்கு வந்து சில வருடத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அம்மா தனி ஆள் இல்லை. 2019-ன் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்கள் 100 பேரில் 18.3 பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4. பரம்பரைக்கும் சாப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அசையாத தசைக்கு உள்ள பங்கை நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

வேலையின் அசைவு உடம்பை எப்படி மாற்றுகிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1953-ல் வந்த அவருடைய ஆய்வு லண்டன் மாடி பஸ்களைப் பற்றியது. ஒரே பஸ், ஒரே சம்பள வட்டம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. எங்கள் குடும்பத்திலும் இது அப்படியே பொருந்தும். அம்மா மரத்துக்கு மரம் நடந்தவர், நான் ஈப்போவுக்குச் சரக்கு லோரி ஓட்டுகிறவன்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா மாரடைப்பில் போனதும் நான் பயந்துபோய் ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் மட்டும்தான். வாரத்துக்கு ஐந்து நாள், தார்ச் சாலையில், ஒரே வழி. ஆறாவது வாரம் முழங்காலுக்கு முன்னால் வலி. படி இறங்கினால் குத்தும். இரண்டு மாதம் எதுவும் செய்ய முடியவில்லை, அதற்குள் பழக்கமும் விட்டுப்போனது. என்னைப் பார்த்த பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) எனக்குச் சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

இதயமும் நுரையீரலும் பயிற்சிக்குச் சீக்கிரம் பழகிவிடும். சில வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறையும். தசை அடுத்து. தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் மூட்டும் மெதுவாகத்தான் பழகும், அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் "இன்னும் ஓடலாம்" என்று மூச்சு சொல்லும்போது முழங்கால் தயாராக இருக்காது. ஒரே அசைவை ஒவ்வொரு நாளும் செய்தால் ஒரே இடத்தில்தான் தேய்மானம் சேரும். ஒரு நாள் ஓடி, மறுநாள் சைக்கிள் மிதித்து, அதற்கடுத்த நாள் மேல் உடம்புக்குப் பளு தூக்கினால், இதயம் மூன்று நாளும் வேலை செய்யும், முழங்காலுக்கு ஓட்டத்தின் அதிர்விலிருந்து இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். கலவையின் முதல் பயன் இதுதான்.

இரண்டாவது பயனும் அதே அளவுக்கு முக்கியம். உடம்பு தனக்குக் கொடுத்த வேலைக்கு மட்டும்தான் தயாராகும். ஓட்டம் இதயத்தை வளர்க்கும், தோளை வளர்க்காது. சைக்கிளும் நீச்சலும் மூச்சுக்கு நல்லது, ஆனால் எலும்புக்கு அதிர்வு கிடைக்காது. எலும்பு கெட்டியாக வேண்டுமென்றால் குதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பளுவைத் தாங்க வேண்டும். 30 வயதைத் தாண்டினால், பயிற்சி இல்லாதவர்களுக்குப் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை கரைகிறது. நடை மட்டும் அதைத் தடுக்காது. நம் ஊரில் "டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறேன்" என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். சர்க்கரை உள்ளவருக்குத் தசைதான் பெரிய பாத்திரம். சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பங்கு அங்கேதான் போய்ச் சேர வேண்டும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பின் கால் மணி நேரம் நடப்பது இதனால்தான் உதவுகிறது. பாத்திரம் சிறுத்துக்கொண்டே போனால் அந்த நடையின் பலனும் குறையும்.

எல்லாவற்றையும் கலந்தால் ஒன்றை ஒன்று கெடுக்காதா என்று என் மச்சான் கேட்டார். அவர் ஜிம்முக்குப் போகிறவர், ஓடினால் தசை போய்விடும் என்று பயம். நல்ல கேள்விதான், அதற்கு ஒரு கதையும் உண்டு. ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பளு தூக்கும் பழக்கமுள்ளவர். ஜான் ஹோலோசியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து அவரோடு ஓடத் தொடங்கியதும் தன் பலம் குறைவதைக் கவனித்தார். அதையே ஆய்வாக்கி 1980-ல் வெளியிட்டார். பத்து வாரம் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் பலம் ஏழெட்டு வாரத்துக்கு மேல் ஏறவில்லை, கடைசியில் இறங்கவும் செய்தது. ஆனால் அவர்கள் வாரத்தில் 5 நாள் கனமான பளுவும் 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும் செய்தார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அளவை எட்ட எவராலும் முடியாது. நம் அளவில் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்ற கவலையே வேண்டாம்.

அதே ஹிக்சன் பிறகு செய்த ஆய்வுகள் பெற்றோருக்கு அதைவிடப் பயனுள்ளவை என்பேன். பத்து வாரம் நன்றாகப் பயிற்சி செய்தவர்களை எடுத்து, 40 நிமிடப் பயிற்சியை 13 நிமிடமாகக் குறைத்துப் பார்த்தார். இன்னொரு குழுவுக்கு 6 நாளை 2 நாளாக்கினார். 15 வாரம் கழித்தும் அவர்களுடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வேகத்தைக் குறைத்தவர்களுக்குத்தான் இறங்கிவிட்டது. பளுவிலும் இப்படித்தான். சேர்த்த பலத்தை வாரம் ஒரு தடவை தூக்குவதே பல வாரத்துக்குக் காப்பாற்றும். ஆக, ஒரு வகையைக் கட்டி எழுப்ப நிறைய நேரம் வேண்டும், கட்டியதைக் காக்கக் கொஞ்சம் போதும். ஆறு வாரம் பளுவில் அக்கறை காட்டி, ஓட்டத்தைச் சும்மா காத்து வைக்கலாம். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். தீபாவளி வாரமும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரமும் காக்கிற வாரமாக ஆகிவிடும். எதுவும் வீணாவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் வேகமான அசைவு. கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. முன்பு தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். லிப்ட் இல்லாத ஐந்து மாடி மலிவு விலை வீட்டில் இருப்பவர் படியேறுவதும் கணக்கில் சேரும்.

என் வீட்டில் இது எப்படிப் பொருந்துகிறது என்று சொல்கிறேன். காலையில் தேத்தண்ணி கொதிக்கும் நேரம் தசைக்கு. இங்கே ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் வரும், வெளியில் இருட்டு. சமையலறையிலேயே மேடை விளிம்பில் கையை ஊன்றித் தண்டால், 10 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக் குந்தி எழுவது, அதே பையை இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் பை போதவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் முடியும். வாரத்தில் மூன்று நாள் முடிகிறது, சில வாரம் இரண்டு.

புதன்கிழமைத் திடல் என் மூச்சுக்கு. இரண்டு சுற்று வேக நடை, பிறகு கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரை ஓடி, நடந்து திரும்புவது. பேச்சு வராத அளவுக்கு வேகம், எட்டுத் தடவை. இப்போது நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். சில நாள் மாஸ்டரே "கம்பைப் பிடிங்கண்ணே" என்று கூப்பிடுவார். சிலம்பம் கலவைப் பயிற்சியில் ஒரு பெரிய குறையை நிரப்புகிறது. ஓட்டம், சைக்கிள், பளு எல்லாம் முன்னும் பின்னும், மேலும் கீழும் போகும் அசைவுகள். உடம்பைத் திருப்பி, கால் மாற்றி, இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்வது அவற்றில் கிடையாது. நம் கையிலேயே இருக்கும் கலையை விட்டுவிட்டுத் திரும்பும் அசைவுக்கு வேறு கருவி வாங்க வேண்டியதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அம்மாவோடு பதினைந்து நிமிட நடை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும் என்பதால் அம்மாவின் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளோடு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிள். சின்னவள் வாசலில் பாண்டிக் கட்டம் போட்டால் நானும் நொண்டி அடிப்பேன். எலும்புக்கும் சமநிலைக்கும் அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை இரவுச் சந்தையிலிருந்து திரும்பும்போது காய்கறியை இரண்டு பையாகச் சமமாகப் பிரித்து, காரை வேண்டுமென்றே தள்ளி நிறுத்தி, முதுகை நிமிர்த்திச் சுமந்து வருகிறேன். முதல் தடவை பார்த்ததும் அம்மா, "காண்டா கம்பு ஒண்ணுதான் குறை" என்றார்.

"நாள் முழுக்க நின்னுதானே வேலை செய்றேன், அது போதாதா?" இது தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் கேட்பது. போதாது என்பதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே களைத்து வருகிறார்கள். பல மணி நேரம் நிற்பதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் உடம்பைச் சோர்வாக்கும், ஆனால் இதயத் துடிப்பை வளர்ச்சிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தாது. நடுவில் தேறிக்கொள்ள ஓய்வும் கிடைக்காது. செம்பனைக் குலை அறுக்கிறவர் நிலைமையும் அதுதான். நல்ல பலசாலியாக இருப்பார், கழுத்தும் தோளும் மட்டும் ஓயாமல் வலிக்கும். இவர்களுக்குக் கலவை என்றால் வேலையில் இல்லாத அசைவு. நிற்கிறவருக்கு இடுப்பையும் கெண்டைக்காலையும் நீட்டுவதும் கொஞ்ச நேரச் சைக்கிளும். மேலே பார்த்தே வேலை செய்கிறவருக்கு முதுகைப் பின்னால் இழுக்கும் பயிற்சி. லோரி ஓட்டும் எனக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பத்துத் தடவை குந்தி எழுவது.

என் மனைவி இதைப் படித்துவிட்டு, பெண்களைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்றார். நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் பயிற்சி செய்ய ஆரம்பித்த ஆண்கள் எல்லாருக்கும் பின்னால் அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண் இருக்கிறார். தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது, அம்மாக்கள் நிரைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆயா இருந்தார். தாமானில் அது கிடையாது. ஒருவர் ஓட இன்னொருவர் அடுப்படியில் நிற்கும் ஏற்பாடு அநியாயமானது. நாங்கள் செவ்வாய், வியாழன் சாயங்காலத்தை அவருக்கென்று ஒதுக்கினோம், அந்த இரண்டு நாளும் சமையல் என்னுடையது. இருட்டிய பின் தெருவில் தனியாக நடப்பதற்குப் பெண்கள் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. தெருநாய் இருக்கிறது, மோட்டாரில் வந்து பையைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அவரும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்துதான் திடலுக்குப் போகிறார்கள். பிரசவத்துக்குப் பின் குதித்தால், இருமினால் சிறுநீர் கசிவது பலருக்கு உண்டு, வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. அப்படி இருந்தால் கயிறு தாண்டுவதை நிறுத்திவிட்டு, இடுப்பின் அடித்தளத் தசைக்கான பயிற்சியைப் பிசியோவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சைக்கிளும் மெதுவான பளுவும் பெரும்பாலும் தொந்தரவு தராது.

இரவு ஷிப்ட் முடித்து வந்த காலையில் பளு வேண்டாம், தூக்கம்தான் அன்றைய பயிற்சி. வெயிலைவிட இங்கே ஈரக்காற்றுதான் பிரச்சினை. வேர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது, அதனால் மூச்சு வாங்கும் பயிற்சியை உச்சிப் பொழுதில் வைத்துக்கொள்ளக் கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் திடலை விட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், பல வருடச் சர்க்கரை உள்ளவர்கள் வேகப் பயிற்சிக்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை, சிலம்ப வகுப்பும் கிடையாது. புதன்கிழமைக்கு என்ன செய்வது என்று வீட்டில் பேசினோம். மழை இல்லாவிட்டால் லிந்தாங் சாலை வழியாக அம்மா வேலை செய்த பழைய நிரைப் பக்கம் சைக்கிளில் போகலாம் என்று பெரியவன் சொன்னான். அங்கே இப்போது செம்பனைதான் நிற்கிறது. அம்மா காரில் பின்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இறங்கி எந்த மேட்டில் வாளியோடு ஏறினேன் என்று காட்டுவாராம்.